பெரியவர்களுக்குக் கன அளவு: சூத்திரமா, ஊற்றிக் காட்டுவதா, வேலையா, வீடியோவா?

மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் சேர்ந்து பேசினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். பெருக்கல், வகுத்தல், பின்னம், சதுர அடி வரைக்கும் வகுப்பு நன்றாகப் போகிறது. கன அளவு தொடங்கியதும் சிலர் நோட்டை மூடிவைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் ஆளைக் காணோம். எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்? பாடநூலில் உள்ளபடி சூத்திரத்திலிருந்தா, பாத்திரத்தில் ஊற்றிக் காட்டியா, அவரவர் செய்கிற வேலையிலிருந்தா, இல்லை நல்ல வீடியோ ஒன்றைப் போட்டுவிடலாமா?

நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பெரியவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தேயிலை பறிக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பிக்கப் ஓட்டுகிறவர்கள், கேரட் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்று கலந்துதான் வருவார்கள். நாலு வழியையும் வகுப்பில் வைத்துப் பார்த்ததில் உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் விடை தப்பாவது பெரும்பாலும் சூத்திரத்தால் அல்ல. டேப்பைப் பிடிக்கிற இடத்திலும், அடியை இஞ்சோடும் கன அடியை லிட்டரோடும் இணைக்கிற இடத்திலும்தான் தப்பாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும் என்பது ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். எந்த மூன்று எண்களைப் பெருக்குவது என்பதற்குத்தான் பல மாலைகள் தேவைப்படும். கீழே வருகிற ஒப்பீடு முழுவதும் இந்த எண்ணத்தை வைத்துத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

எதற்காகக் கற்கிறார்? பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப்போகிறவருக்கு உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம் (நுனி வெட்டிய கூம்பு) எல்லாம் வேண்டும். வீட்டு வாசலில் இறங்கிய மணல் லோடு சரிதானா என்று பார்க்க நினைக்கிறவருக்கு இடைக்கண்டம் தேவையே இல்லை. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர், இந்த இரண்டும்தான் அவருக்கு உயிர்.

இடைவெளி விட்டு வந்தாலும் நிற்குமா? கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தோட்டத்து ஆட்கள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். மழை வலுத்தாலும் அப்படித்தான். திரும்பி வரும்போது எது மிச்சமிருக்கும் என்று யோசித்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிய வடிவம் வந்தால் சமாளிப்பாரா? சதுரத் தொட்டியில் கற்றதை வட்டத் தொட்டிக்குக் கொண்டுபோக முடியுமா?

நேரமும் பொருளும். இருட்டினால் காட்டுமாடும் கரடியும் நடமாடுகிற பாதையில் வீடு திரும்ப வேண்டியவர்களை ஏழு மணிக்கு மேல் உட்காரவைக்க முடியாது. கையில் இருப்பது ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

மரியாதை. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துவிட்டால் அப்புறம் எந்த வழியும் வேலைக்காகாது.

| | சூத்திரம் | ஊற்றி அளத்தல் | வேலையிலிருந்து | வீடியோ |
|---|---|---|---|---|
| தேர்வுக்கு | மிக நல்லது | துணை | குறைவு | திருப்பிப் பார்க்க |
| அன்றாட வேலைக்கு | குறைவு | ஓரளவு | மிக நல்லது | குறைவு |
| இடைவெளிக்குப் பின் | மறக்கும் | நிற்கும் | நிற்கும் | மறக்கும் |
| வகுப்பு நேரம் | குறைவு | மிக அதிகம் | அதிகம் | குறைவு |
| ஆசிரியரின் முன்வேலை | இல்லை | அதிகம் | நடுத்தரம் | வீடியோ தேடும் நேரம் |
| மறைந்திருக்கும் செலவு | விடையைச் சந்தேகிக்கத் தெரியாது | தண்ணீர், சிந்தல், கூச்சம் | தொழில் வழக்கமும் கணிதமும் கலந்துவிடும் | சிக்னல், டேட்டா |

## சூத்திரத்தில் தொடங்குதல்

இந்த வழியைக் குறை சொல்வது எளிது. ஆனால் இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. நம் வகுப்புக்கு வருகிற பலர், சின்ன வயதில் கிடைக்காத பள்ளிக்கூடத்துக்காகவே வருகிறார்கள். பலகையில் எழுதியதை நோட்டில் எடுத்து, அடிக்கோடு போட்டு, விடையை எழுதுவதில்தான் அவர்களுக்குப் படித்த நிறைவு. அவர்களிடம் முதல் நாளே ரவையையும் காகிதக் கூம்பையும் நீட்டினால் முகம் சுருங்கும். செலவும் கிடையாது, சுண்ணாம்புக்கட்டி இருந்தால் போதும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிற நிலையில் ஒருவர் வந்து நின்றால் நானும் இதைத்தான் எடுப்பேன். அளவியல் பாடத்தில் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்தது. சூத்திரத்தை எழுதி, எண்ணைப் போட்டு, அலகை எழுதினாலே மதிப்பெண் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இனிதான். 200 லிட்டர் டிரம் ஒன்றின் உள் விட்டம் சுமார் 57 செ.மீ, உயரம் சுமார் 85 செ.மீ. ஆரம் 28.5 என்று வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட 217 லிட்டர் வரும். விளிம்புவரை நிரப்பினால் அவ்வளவு பிடிக்கும், சரிதான். ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டுவிட்டால் 868 லிட்டர் வரும். நாலு மடங்கு! தினமும் அந்த டிரம்மில் தண்ணீர் பிடிக்கிற அக்காவே 868 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். டிரம்மில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாதவர் இல்லை. நோட்டில் இருக்கிற உருளைக்கும் வாசலில் இருக்கிற டிரம்முக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சூத்திரத்தில் மட்டும் வளர்ந்தவருக்கு விடையைச் சந்தேகிக்கிற பழக்கம் வருவதில்லை.

இன்னொன்று, இடைவெளிக்குப் பின் வருகிற குழப்பம். உருளையின் வளைபரப்பா கன அளவா என்று 2πrh-ம் πr²h-ம் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்கு ஒரு கைமருந்து உண்டு. சூத்திரத்தில் எத்தனை நீளங்கள் பெருக்கப்படுகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு என்றால் பரப்பு, மூன்று என்றால் கன அளவு. r², h என்று மூன்று நீளம் இருக்கிறதா? அப்போது அது கன அளவு.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் சூத்திரங்களைத் தனித்தனியாக அடுக்காதீர்கள். பெட்டி, உருளை, பட்டகம் எல்லாவற்றுக்கும் அடிப்பரப்பு × உயரம் என்ற ஒன்றே போதும். கூம்பு போல நேராகச் சரிந்து நுனி கூராக முடிகிற எதுவாக இருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு. கோளம் மட்டும் தனி. இடைக்கண்டத்துக்குத் தேர்வுக்காரர்கள் மட்டும் வந்தால் போதும்.

## ஊற்றி அளந்து காட்டுதல்

எந்தச் சூத்திரத்தை மனம் நம்ப மறுக்கிறதோ அங்கே இந்த வழிக்கு ஈடு இல்லை. பெட்டிக்கு ஊற்றிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, அது நேரத்தைத்தான் தின்னும். கூம்புக்குக் கட்டாயம் வேண்டும்.

கூம்பைக் காட்டி, "இதே வாய், இதே உயரம் இருக்கிற உருளையில் இது எத்தனை பங்கு?" என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலானவர்கள் பாதி என்பார்கள். முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்பது கண்ணில் பதிந்திருப்பதால் வருகிற விடை அது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆரியபட்டரே கூர்நுனி உருவத்தின் கன அளவை அடிப்பரப்பு, உயரம் இரண்டின் பெருக்கலில் பாதி என்றுதான் சொல்லியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொன்னார். வகுப்பில் இதைச் சொல்லுங்கள். பாதி என்று சொன்னவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை, அவர்கள் நல்ல துணையோடுதான் இருக்கிறார்கள்.

செய்முறை: தடித்த அட்டையில் 10 செ.மீ ஆரமுள்ள வட்டம் வெட்டுங்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கை, அதாவது 144 பாகையை, வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சுருட்டி ஒட்டினால் ஆரம் 6 செ.மீ, நிமிர் உயரம் 8 செ.மீ உள்ள கூம்பு கிடைக்கும். உருளைக்கு 8 செ.மீ அகலமும் 37.7 செ.மீ நீளமும் உள்ள பட்டையைச் சுற்றினால் போதும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் நீளம் கூடுதலாக விடுங்கள். ரவையோ உப்போ எடுத்துக்கொண்டு ஊற்றினால் மூன்றாவது தடவை உருளை நிறையும். பலர் செய்கிற பிழை, கூம்பின் சாயுயரத்தை, அதாவது சரிவின் நீளத்தை, உருளையின் உயரமாக வைத்துவிடுவது. 8-க்குப் பதில் 10 செ.மீ உயரத்தில் உருளை செய்தால் மூன்று தடவை ஊற்றியும் 2 செ.மீ காலியாக இருக்கும். "சார், மூணு வரலையே" என்று யாராவது சொன்னால் ரவையைக் குறை சொல்லாமல் முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்.

அரைக்கோளத்துக்கும் இதே போலச் செய்யலாம். ஒரே வாய், உயரமும் வாயின் ஆரமும் ஒன்று என்று மூன்று உருவங்களை வைத்தால் கூம்பு 1, அரைக்கோளம் 2, உருளை 3. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பந்து போதும். கோளம், தன்னைச் சுற்றியுள்ள உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டுபிடித்த ஆர்க்கிமிடீஸ் அந்தப் படத்தைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னாராம். சூத்திரத்தை மறந்தவர்கள்கூட இந்த ஒன்று, இரண்டு, மூன்றை மறப்பதில்லை.

எனக்குப் பிடித்தது ஏ4 தாள் சோதனை. ஒரே அளவுத் தாள் இரண்டு. ஒன்றை நீளவாக்கில் சுருட்டி நெட்டையான குழாயாகவும், மற்றொன்றை அகலவாக்கில் சுருட்டிக் குட்டையான குழாயாகவும் நிறுத்துங்கள். எதில் அதிகம் பிடிக்கும்? ஒரே தாள்தானே, இரண்டிலும் ஒன்றுதான் என்பார்கள் சிலர். நெட்டையில்தான் என்பார்கள் வேறு சிலர். ஒவ்வொருவர் ஊகத்தையும் பெயரோடு பலகையில் எழுதிவிட்டு, குட்டைக் குழாய்க்குள் நெட்டைக் குழாயை நிறுத்தி, நெட்டையைப் பொரியால் நிரப்பி, மெல்ல உருவுங்கள். குட்டைக் குழாயில் மேலே இடம் மிச்சமாக நிற்கும். நெட்டையில் சுமார் 1,040 கன செ.மீ, குட்டையில் சுமார் 1,470. ஆரம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரு தடவைதான் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடிந்ததில்லை. தொட்டி கட்டும்போது ஒரு அடி உயர்த்துவதா, அகலத்தைக் கூட்டுவதா என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

செலவுக்கு வருவோம். ஒரு கூம்புக்கே ஒரு மாலை போய்விடும். முந்தின நாள் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. மாசி, பங்குனியில் குடத்துக்காக வரிசையில் நிற்கிற குடியிருப்பில் தண்ணீரைத் தரையில் சிந்திப் பாடம் நடத்துவது முறையல்ல. அரிசியைச் சிந்தினாலும் மனசு கேட்காது. அதனால்தான் ரவையையோ உலர்ந்த மணலையோ சொல்கிறேன். ஊற்றுவதில் கணக்கே போடாமல் பொழுது போய்விடும் அபாயமும் உண்டு. ஊற்றி முடித்ததும் அதே கூம்புக்கு எண் போட்டு எழுதாவிட்டால் அது வேடிக்கையாகவே நின்றுவிடும்.

பெண்கள் அதிகம் வருகிற வகுப்பில் இந்த வழி வேகமாகப் பிடிக்கிறது. படி, ஆழாக்கு, குடம், அண்டா எல்லாம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற அளவுகள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று தெரிந்தவருக்கு ஆயிரம் கன செ.மீ ஒரு லிட்டர் என்பது புதிய எண்தான், புதிய எண்ணம் இல்லை.

## வேலையிலிருந்து தொடங்குதல்

சாலிட் பிளாக் இறக்குகிற இடத்தில் யாரும் ஒவ்வொன்றாக எண்ணமாட்டார்கள். ஒரு வரிசையில் பத்து, அப்படி நாலு வரிசை, அப்படி ஐந்து அடுக்கு, ஆக இருநூறு என்பார்கள். அவர்கள் கன அளவைத்தான் சொல்கிறார்கள். அந்த பிளாக்குக்குப் பதில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளச் சொன்னால் கன அடி வந்துவிட்டது. ஒரு அடுக்கில் எத்தனை, அப்படி எத்தனை அடுக்கு என்ற இந்த ஒரே எண்ணத்தை வைத்து உருளைக்கும் போகலாம், சாய்ந்த சுவருக்கும் போகலாம்.

ஆனால் தொழில் தெரிந்தவருக்கு நோட்டுக் கணக்கும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஸ்திரி அண்ணன் 20 அடிக்கு 15 அடி தளத்துக்கு கான்கிரீட் கணக்குப் போட்டார். கனம் 4 இஞ்சு. நோட்டில் 20 × 15 × 0.4 என்று எழுதி 120 கன அடி என்று முடித்தார்.

"அண்ணே, நாலு இஞ்சு எப்படி பாயிண்ட் நாலாச்சு?"

"நாலு இஞ்சுன்னா பாயிண்ட் நாலுதானே தம்பி?"

டேப்பை நீட்டி, ஒரு அடிக்குள் நாலு இஞ்சு எத்தனை தடவை வருகிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். விரலை வைத்து வைத்து எண்ணினார். "மூணு தடவை. அப்ப மூணுல ஒண்ணு." 300-ஐ மூன்றால் வகுத்தார். சரியாக 100 கன அடி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிற ஜல்லிக்கும் மணலுக்கும் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அந்த 20 கன அடி சின்ன விஷயம் இல்லை. வேலை செய்யும்போது இந்த அண்ணன் இப்படித் தடுமாறவே மாட்டார். ஒரு சிமெண்ட் மூட்டைக்கு எத்தனை பெட்டி மணல் என்பது அவர் கையிலேயே இருக்கிறது.

1985-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே விஷயம் எண்ணாக இருக்கிறது. பிரேசிலில் தெருவில் பண்டம் விற்கும் சிறுவர்களிடம் கடையில் வைத்துக் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக வந்தன. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. வேலையில் தெரிவதைத் தாளுக்குக் கொண்டுவர ஒரு பாலம் கட்ட வேண்டும், அதுதான் ஆசிரியரின் வேலை. இஞ்சு விஷயத்தில் அந்தப் பாலம் கால், அரை, முக்கால்தான். 3 இஞ்சு காலடி, 6 இஞ்சு அரையடி, 9 இஞ்சு முக்காலடி என்பது எல்லோருக்கும் வாயில் வரும். அதை 0.25, 0.5, 0.75 என்று எழுதப் பழக்குங்கள். 4-க்கும் 8-க்கும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. மற்ற இஞ்சுகளுக்குப் பன்னிரண்டால் வகுத்தால் போகிறது.

உள்ளளவு, வெளியளவு என்பது அடுத்த பொறி. வெளியே 6 அடிக்கு 4 அடி, தண்ணீர் நிற்கும் உயரம் 4 அடி என்று ஒரு தொட்டி. வெளியளவை வைத்துப் பெருக்கினால் 96 கன அடி, அதாவது 2,700 லிட்டருக்கு மேல். சுவர் 9 இஞ்சு கனம் என்றால் உள்ளே 4½ அடிக்கு 2½ அடிதான் இருக்கும். 45 கன அடி, ஏறக்குறைய 1,270 லிட்டர். பாதிகூடத் தேறவில்லை. இந்தக் கணக்கை ஒருமுறை தன் வீட்டுத் தொட்டிக்குப் போட்டவர், "உள்ளேயா வெளியேயா?" என்று கேட்காமல் இனி டேப்பைத் தொடமாட்டார்.

மலையில் இருக்கிறவர்களுக்குப் பாடநூலின் கூம்பைவிடத் தடுப்புச் சுவர்தான் அதிகம் தேவைப்படுகிறது. அடியில் 3 அடி, மேலே 1½ அடி, உயரம் 6 அடி, நீளம் 20 அடி. அடிக்கனத்தையே வைத்துப் போட்டால் 360 கன அடி வரும். சராசரிக் கனம் 2¼ அடி என்று எடுத்தால் 270. கருங்கல்லில் 90 கன அடி வித்தியாசம் என்றால், கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

மணல் குவியலில் கூம்பு வருகிறது. குவியலின் அடியைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தால் 22 அடி, உச்சியிலிருந்து கம்பியைத் தரைவரை செருகிப் பார்த்தால் 3 அடி. சுற்றளவு 22 என்றால் ஆரம் 3½. அடிப்பரப்பு 38½ சதுர அடி, அதை மூன்றால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 38½ கன அடி. அரை யூனிட் என்று சொல்லி இறக்கியிருந்தால் 50 இருக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நம் தரை சமமாக இருக்காது, குவியலின் உச்சியும் கூராக இருக்காது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டிரைவரிடம் சண்டைக்குப் போகச் சொல்லாதீர்கள். இறக்குவதற்கு முன் வண்டியின் பாடியை அளப்பதுதான் சரி. 8 அடிக்கு 5 அடி பாடியில் அரை யூனிட் என்றால் மணலைச் சமப்படுத்திய பின் 15 இஞ்சு உயரம் நிற்க வேண்டும்.

அதிலும் ஈரத்தைப் பார்க்க வேண்டும். லேசாக நனைந்த மணல் உப்பும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே கன அளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடலாம். பனியும் சாரலும் ஓயாத ஊரில் இது புத்தக விஷயம் இல்லை. பாடியில் 15 இஞ்சு நின்றும் காய்ந்தபின் குறைந்தது ஏன் என்று கேட்பார்கள்.

மழையையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400 சதுர அடித் தகரக் கூரை, அதாவது சுமார் 37 சதுர மீட்டர் என்றால், அன்று அந்தக் கூரை மேல் மட்டும் ஏறக்குறைய 30,000 லிட்டர் விழுந்திருக்கும். கட்டட வேலையோடு தொடர்பே இல்லாத தோட்டத்து அக்காக்கள் இந்தக் கணக்கில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு, தொழில் வழக்கம் கணிதமாக வேடமிட்டு வருவது. மர வியாபாரத்தில் உருண்டை மரத்தைக் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை நாலாக மடித்து, அந்த நீளத்தை அதாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்குவார்கள். சுற்று 4 அடி, நீளம் 10 அடி உள்ள சில்வர் ஓக் மரம் அந்தக் கணக்கில் 10 கன அடி. உருளைச் சூத்திரப்படி 12.7. பட்டையும் அறுக்கும்போது போகிற சேதாரமும் கழிந்த கணக்காக வைத்துக்கொள்கிற வழக்கம் அது. ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, உருளையின் கன அளவு என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். விலை பேசும்போது எந்தக் கணக்கில் கன அடி என்று முதலில் கேட்கத் தெரிந்தால் போதும்.

இன்னொரு குறை, வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்பது. கட்டட உதாரணமாகவே போனால் இரண்டு மேஸ்திரிகள் வகுப்பை எடுத்துக்கொள்வார்கள். சித்தாள் வேலைக்குப் போன அக்காக்களிடம், எத்தனை சட்டி மணலுக்கு ஒரு பெட்டி நிறையும் என்று கேளுங்கள். மேஸ்திரியைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

## வீடியோவும் கைபேசியும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கோளத்தை அறுத்துக் காட்டுகிற நல்ல அசைவுப்படங்கள் இருக்கின்றன. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வைத்தும் பார்க்கலாம். வகுப்புக்கு வராத நாளில் திருப்பிப் பார்க்கத் தேர்வுக்காரர்களுக்கு உதவும். ஆனால் பள்ளத்தில் இருக்கிற குடியிருப்பில் சிக்னல் கிடைக்காது. வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது பெரும்பாலும் பிள்ளைகள் கையில் இருக்கும். மூன்று எண் போட்டால் லிட்டர் சொல்கிற செயலிகள் மேலே சொன்ன மேஸ்திரியின் 0.4-ஐயும் அப்படியே வாங்கிக்கொண்டு 120 என்றுதான் சொல்லும். பெருக்கலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள அல்ல.

## யாருக்கு எது?

தேர்வு நெருங்கிவிட்டது என்றால் சூத்திரம்தான், தயங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "நம்பலாமா?" என்று ஒரு வரி எழுதவையுங்கள். டிரம்மில் 868 லிட்டரா என்று அங்கே பிடிபடும். தேர்வில் செ.மீ, மீட்டர்தான் வரும் என்பதால் இவர்களுக்கு அடிக் கணக்கைத் தள்ளிவைக்கலாம்.

வீடு கட்டுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், கட்டட ஆட்கள் என்றால் வேலையிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு வகுப்பை டேப் படிப்பதற்கும் இஞ்சுப் பின்னத்துக்கும் மட்டுமே கொடுங்கள். சீக்கிரம் போகச் சொல்லி அவர்களே நச்சரிப்பார்கள், அசையாதீர்கள்.

பெருக்கலே இன்னும் தடுமாறுகிறவர்களுக்கும், படிப்பு என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் ஊற்றி அளப்பதுதான் நல்ல தொடக்கம். விடை கண்ணெதிரே நிறைந்து நிற்கும்போது எண்ணைப் பார்த்து வருகிற பயம் குறையும். ஒரு அடிப் பெட்டி ஒன்றைப் பிளைவுட்டில் செய்து வகுப்பில் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் எல்லா வடிவத்துக்கும் உதவும்.

எல்லோரும் கலந்து வருகிற வகுப்பில், நான் இப்போது பின்பற்றுகிற வரிசை இது. பெட்டியும் சுவரும் உருளையும் வேலையிலிருந்து. கூம்பும் கோளமும் ஊற்றிக் காட்டி. சூத்திரம், அவர்களே வாயால் சொல்லி முடித்தபின் பலகையில். தேர்வுக்காரர்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்காரவைத்து இடைக்கண்டம். அதற்கும் அவர்கள் கையில் ஒரு உதாரணம் இருக்கிறது. அடி சிறுத்து வாய் அகன்ற வாளி. மேல், கீழ் விட்டங்களையும் உயரத்தையும் உள்பக்கமாக அளந்து சூத்திரத்தில் போடச் சொல்லுங்கள். அப்புறம் லிட்டர் பாட்டிலால் நிரப்பி எண்ணட்டும். நிரப்பிய தண்ணீரைத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.